துணைவலியும் திறையும் செஞ்சோறும்: உலகப்போரில் பம்பாயின் பங்கும் தமிழ்ப் போர் எழுத்தும்

முன்னுரை

தமிழில் போர் இலக்கியம் என்றவுடன் புறநானூறும் பதிற்றுப்பத்தும் கலிங்கத்துப்பரணியும் நினைவுக்கு வருதல் இயல்பு. இருபதாம் நூற்றாண்டின் இரு உலகப்போர்களும் தமிழர் வாழ்வை ஆழமாகத் தாக்கியபோதிலும், அவை பற்றிய தமிழ் எழுத்து அளவிற் சிறியது. அச்சிறு பரப்பிலும் ஒரு பகுதி பெரும்பாலும் தொடப்படாமலே நிற்கிறது. போரில் வென்ற நேசநாடுகளின் அணிக்கு இந்தியா அளித்த ஆளும் பொருளும் உழைப்பும் ஆகியனவே அப்பகுதி. எண்ணிக்கையால் நோக்கின் அதுவே மிகப் பெரியது. இரண்டாம் உலகப்போரின் முடிவில் இந்தியப் படையின் தொகை ஏறத்தாழ 25 இலட்சம். மாண்டோர் 87,000 பேருக்கு மேல். இத்தனை பெரிய நிகழ்ச்சி தமிழ்ப் படைப்புலகில் ஏன் அரிதாகவே பொருளாயிற்று?

மறதி என்பது இதற்குப் போதிய விடையன்று. மறந்திருந்தால் அப்போரின் பிற பகுதிகளும் மறக்கப்பட்டிருக்கும். இந்திய தேசிய இராணுவம் நினைக்கப்பட்டது. சயாம் இரயில் பாதையில் மாண்ட தமிழர் நினைக்கப்பட்டனர். பர்மாவிலிருந்து நடந்து வந்தோர் நினைக்கப்பட்டனர். வென்ற அணிக்காக உழைத்தவனுக்கே இடமில்லை. ஒரு சிறிய அல்லது ஆளப்படும் நாடு பெரிய அணிக்குத் தந்த பங்கை எந்த அளவுகோலால் அளப்பது என்ற தெளிவின்மையே இவ்விடுபாட்டின் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. அவ்வளவுகோல்களைத் தமிழ் மரபினின்றே எடுத்து, போர்க்காலப் பம்பாயை, குறிப்பாகத் தமிழர் வாழ்ந்த தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளை முன்வைத்து, தமிழ்ப் போர் எழுத்தை மதிப்பிட இங்கு முயலப்படுகிறது.

மலையமானின் அளவுகோல்

அரசன் போருக்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டிய வலிமைகள் நான்கனுள் இறுதியாகத் திருவள்ளுவர் வைப்பது துணைவலி. வலியறிதல் அதிகாரம் அதனைப் பெறுபவன் பக்கமிருந்து நோக்குகிறது. தருபவன் பக்கமிருந்து நோக்குவது புறநானூறு. திருக்கோவலூரையும் முள்ளூர் மலையையும் ஆண்ட மலையமான் குடியினர் மூவேந்தரோடு ஒப்பிடச் சிறிய நிலப்பரப்பினர். ஆயினும் கபிலர் பாடிய 122ஆம் பாடல் மலையமான் திருமுடிக்காரியைக் காட்டும் முறை நோக்கத்தக்கது. அவன் நாட்டைக் கடல் கொள்ளாது. பகைவர் கொள்ள எண்ணார். மூவேந்தருள் ஒருவர்க்குத் துணையாக வேண்டும் என்று புகழ்ந்து வரும் தூதுவர் தரும் பொருளே அவன் குடிக்கு வருவாய். சிறியவனைத் தேடிப் பெரியவர் வருகின்றனர். யாருக்குத் துணையாவது என்பதை முடிவுசெய்பவன் சிறியவனே.

வடமவண்ணக்கன் பெருஞ்சாத்தனாரின் 125ஆம் பாடல் இதனை மேலும் தெளிவாக்குகிறது. சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையும் சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளியும் பொருதபோது சோழனுக்குத் துணைநின்ற தேர்வண்மலையனைப் பற்றியது அது. வென்றவன், தன்னை வெல்லச்செய்தவன் இவனே என்கிறான். தோற்றவன், இவன் இல்லையாயின் வெற்றி எளிதாயிருக்கும் என்கிறான். இருவர் வாயிலும் ஒரே பெயர். இப்பாடலின் அடிக்குறிப்பு ‘துப்பு’ என்னும் சொல்லால் இத்துணையைக் குறிப்பதும் அறியத்தக்கது. இவ்விரு பாடல்களிலிருந்து துணைவலியின் இலக்கணமாக இரண்டு கூறுகள் பெறப்படும். ஒன்று, தருபவனுக்கு மறுக்கும் உரிமை இருத்தல். மற்றொன்று, தந்தவன் பெயர் வெற்றியோடு சேர்த்துச் சொல்லப்படுதல்.

இதற்கு எதிர்முனையில் நிற்பது திறை. திறையும் பெரியவனிடம் செல்லும் பொருளே. ஆனால் அதில் மறுக்கும் உரிமை இல்லை, பெயரும் பெற்றவனுக்கே. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மூன்றாவது ஒன்றும் உண்டு. வஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் கூறும் பெருஞ்சோற்று நிலை, போருக்குமுன் அரசன் வீரர்க்குச் சோறளித்தலைக் குறிக்கும். உண்ட சோற்றுக்காக உயிர் தருதல் பிற்கால வழக்கில் செஞ்சோற்றுக்கடன் எனப்பட்டது. இதில் வீரன் போரைத் தேர்ந்தெடுப்பதில்லை. எனினும் அவன் தருவது பறிக்கப்பட்டதும் அன்று. ஊட்டியவனுக்கும் உண்டவனுக்கும் இடையிலான கடன் அது. துணைவலி, திறை, செஞ்சோறு என்னும் இம்மூன்றும் நேசநாடுகளின் போரில் இந்தியாவின் பங்கை அளக்க உதவும் தமிழ் அளவுகோல்களாகும்.

பாரதியின் பெல்ஜியம்

இவ்வளவுகோலை உலகப்போருக்கு முதலில் பொருத்தியவர் பாரதியார் எனலாம். 1914 ஆகஸ்டில், தன் நாட்டின் வழியே படை செல்ல இடமளிக்குமாறு ஜெர்மனி கேட்டதைப் பெல்ஜியம் மறுத்தது. மறுத்ததனால் படையெடுப்புக்கு ஆளாயிற்று. அப்போது பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், ‘பெல்ஜியம் நாட்டிற்கு வாழ்த்து’ என்னும் பாடலில் அச்சிறு நாட்டின் வீழ்ச்சியை அறத்தின் உயர்வாகக் காண்கிறார். வலிய விலங்கை முறத்தால் எதிர்க்கும் குறமகளின் உருவம் அங்கு வருகிறது. புறநானூற்றின் மறக்குடி மகளிர் நினைவு ஐரோப்பியப் போருக்குள் இயல்பாக நுழைவதை இங்குக் காணலாம். பெல்ஜியம் தந்த படையின் அளவு பாடலின் பொருளன்று. மறுக்க இயன்ற இடத்தில் மறுத்த துணிவே பொருள்.

இப்பாடல் பாரதியார் கவிதைத் தொகுப்பில் ‘பிற நாடுகள்’ என்னும் பகுதியில் அமைந்துள்ளது. அதே பகுதியில்தான் பிஜித் தீவில் ஒப்பந்தக் கூலிகளாய் வருந்திய பெண்களைப் பற்றிய ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலும் இடம்பெறுகிறது. ஒன்றில் சிறிய நாடு தன் விருப்பால் போரில் இறங்குகிறது. மற்றொன்றில் நாடற்றவர் பிறர் செல்வத்திற்காக உழைக்கின்றனர். முன்னது வாழ்த்தாகிறது, பின்னது அழுகையாகிறது. இவ்விரு பாடல்களுக்கும் இடையில் பாடப்படாத ஓர் இடைவெளி உண்டு. அதே 1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து மெசபொடேமியாவுக்குக் கப்பலேறிய இந்தியப் படைகளின் இடம் அது. அப்போரில் 13 இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் பணியாற்றினர். 70,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்கள் பெல்ஜியரைப் போல மறுக்கும் உரிமை பெற்றவரல்லர். பிஜிப் பெண்களைப் போல முற்றிலும் ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டவரும் அல்லர். வாழ்த்துக்கும் அழுகைக்கும் அடங்காத அந்நிலைக்கு ஏற்ற பாடல்வகை அப்போது தமிழில் உருவாகவில்லை. இவ்விடைவெளியே அடுத்த போரிலும் தொடர்ந்தது.

கேளாது பெற்ற துணை

1939 செப்டம்பர் 3 அன்று அரசப் பிரதிநிதி லின்லித்கோ இந்தியா போரில் ஈடுபட்டிருப்பதாக அறிவித்தார். மாகாணச் சட்டமன்றங்களோ தலைவர்களோ கலந்துகொள்ளப்படவில்லை. இதனைக் கண்டித்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் அவ்வாண்டு இறுதிக்குள் பதவி விலகின. 1942 ஆகஸ்ட் 8 அன்று ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறிய கவாலியா குளத்து மைதானம் பம்பாயில்தான் உள்ளது. அதே நகரின் துறைமுகம் அதே நாட்களில் போர்க்கருவிகளையும் படைகளையும் ஏற்றியிறக்கிக்கொண்டிருந்தது. விடுதலைத் தீர்மானமும் போர்ச்சரக்கும் ஒரே நகரில் சில கல் தொலைவில் நிகழ்ந்தன என்பது பம்பாயின் தனித்தன்மை.

பொருள்வகையில் நோக்கினும் இப்பங்கின் இரட்டைத்தன்மை புலப்படும். போர்ச்செலவைப் பகிர்ந்துகொள்வது பற்றி 1939 நவம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இந்தியா முன்கூட்டிச் செலவிட்ட தொகையின் ஒரு பகுதி பிரிட்டனின் கடனாக இலண்டனில் எழுதி வைக்கப்பட்டது. போர் முடிவில் இந்த ஸ்டெர்லிங் இருப்பு ஏறத்தாழ 130 கோடி பவுண்டாக உயர்ந்திருந்தது. ஏட்டில் இது கடன். ஆகவே திறை அன்று. ஆனால் அந்தக் கடனைத் தருவதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமை தந்தவனுக்கு இல்லை. ஆகவே துணைவலியும் அன்று. அச்சடித்த பணத்தின் பெருக்கமும் 1942இல் பர்மா அரிசி நின்றுபோனதும் சேர்ந்து விலைவாசியை ஏற்றின. 1943இல் வங்கப் பஞ்சத்தில் மாண்டோர் தொகை முப்பது இலட்சம் வரை மதிப்பிடப்படுகிறது. பெருஞ்சோற்று நிலையில் அரசன் வீரனுக்குச் சோறளிக்கிறான். இங்கு வீரனின் ஊர் பட்டினி கிடந்து அரசனின் படைக்குச் சோறளித்தது. செஞ்சோற்றுக்கடனின் அடிப்படையே தலைகீழான நிலை இது. பழைய துறை இப்போருக்குப் பொருந்தாமைக்கு இதுவே முதற்காரணம்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்

இப்பொதுநிலையைத் தமிழர் வாழ்விடங்களில் வைத்துக் காணும்போது அது கண்கூடாகிறது. தாராவியில் தோல் பதனிடும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் அதில் முதன்மையான பங்கு வகித்தனர். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதப்படுத்திய தென்னிந்தியத் தோல், பிரிட்டிஷ் படையின் காலணிகளுக்கு மேல்தோலாகப் பயன்பட்டது. முதல் உலகப்போரின்போது 1916இல் இத்தோல் வணிகத்தை அரசு தன் கட்டுப்பாட்டின்கீழ்க் கொண்டுவந்தமை, படைக்கு அது எவ்வளவு இன்றியமையாததாக இருந்தது என்பதைக் காட்டும். ஆவிரை அகப்பாடல்களில் மடலேறுவோன் சூடும் பூ. அச்செடியின் பட்டை உலகப்போரின் காலணியில் சேர்ந்த கதை தமிழில் எழுதப்படத்தக்கது. தோலை உரித்தவனும் ஊறவைத்தவனும் சுமந்தவனும் யாருக்கும் துணைப்படை அல்லர். அவர்கள் பெற்றது கூலி. ஆனால் அக்கூலி, ஊரில் சாதியின் பெயரால் வாங்காமல் செய்த வேலைக்கு நகரத்தில் கையில் எண்ணிப் பெற்ற கூலி என்னும் வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று.

மாட்டுங்காவின் தமிழர் வாழ்வு வேறுவகைப்பட்டது. 1923இல் தொடங்கிய ஆஸ்திக சமாஜமும் 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும் அங்குக் குடியேறிய எழுத்தர் வகுப்பின் அடையாளங்கள். இரயில்வே, கணக்கு, வழங்கல் முதலிய அலுவலகங்களில் எழுதியும் தட்டச்சுச் செய்தும் வாழ்ந்த அவ்வகுப்புக்குப் போர் என்பது பேரேடாகவும் சரக்குப் பட்டியலாகவும் வந்தது. 1943இல் பம்பாயில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தபோது அது பங்கீட்டு அட்டையாகவும் வீட்டுக்குள் நுழைந்தது. பகலில் படைக்குரிய வழங்கலைக் கணக்கெழுதியவன் மாலையில் தன் குடும்பத்துக்குரிய அரிசிக்கு வரிசையில் நின்றான். போர்முனைக்குச் செல்லாத இவனும் அப்போரின் உறுப்பே. பரணி மரபிலும் புறத்துறைகளிலும் கணக்கெழுதுபவனுக்கு இடமில்லை. நவீனப் போரோ அவனின்றி நடைபெறாது.

செம்பூர், போரின் எச்சங்கள் குடியிருப்பான கதையை நினைவூட்டுகிறது. பிரிவினைக்குப்பின் சிந்து மாநிலத்திலிருந்து வந்த அகதிகள் குடியமர்த்தப்பட்ட பகுதிகளுள் செம்பூர் முகாமும் ஒன்று. கல்யாணுக்கு அருகிலிருந்த போர்க்கால இராணுவ முகாமே இத்தகைய அகதிகளால் உல்லாசநகர் ஆயிற்று. பின்னர் மாட்டுங்காவில் இடம்போதாத தமிழ்க் குடும்பங்கள் பல செம்பூரை நாடின. போர்க்காகக் குவிக்கப்பட்ட நிலமும் கட்டடமும் பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்தவர்க்கு வீடாவதும், அவர்களுக்கு அருகே போருக்காக உழைத்தவர் வழியினர் வந்து குடியேறுவதும் புதினத்துக்குரிய பொருள்கள். மும்பைத் தமிழர் வாழ்வைச் சிறப்பாக எழுதிய நாஞ்சில் நாடனின் ‘மிதவை’ (1986), ‘சதுரங்கக் குதிரை’ (1993) ஆகிய புதினங்கள், பிழைப்புத் தேடி வந்தவனின் தனிமையை மையமாகக் கொண்டவை. காலத்தால் பிற்பட்ட வாழ்வை எழுதுவதால் அவற்றில் போர் இடம்பெறாமை குறையன்று. ஆயின் அவற்றின் நாயகர்களுக்கு முந்தைய தலைமுறை பம்பாயில் என்ன செய்தது என்பதைச் சொல்லும் புதினத்தின் தேவையை அவை உணர்த்துகின்றன.

1944 ஏப்ரல் 14

பம்பாய் தந்த பங்கின் விலை முழுவதும் ஒரே பிற்பகலில் வெளிப்பட்டது. பர்கன்ஹெட்டிலிருந்து கராச்சி வழியாக வந்த ‘ஃபோர்ட் ஸ்டிக்கின்’ என்னும் கப்பல் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளுடன் விக்டோரியா கப்பல்துறையில் நின்றது. அதனோடு தங்கக் கட்டிகளும் கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் இருந்தன. சித்திரைப் பிறப்பை ஒட்டிய ஏப்ரல் 14 அன்று அதில் தீப்பற்றியது. மாலை நான்கு மணி அளவில் முதல் வெடிப்பும் அரைமணி நேரத்திற்குள் இரண்டாவது வெடிப்பும் நிகழ்ந்தன. மாண்டோர் தொகை 800 முதல் 1,300 வரை எனக் கணக்குகள் வேறுபடுகின்றன. தீயணைப்புப் படையினர் மட்டும் 66 பேர். அந்நாளே இந்தியாவில் தீயணைப்புப் பணி நாளாக ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது.

இலக்கியத் திறனாய்வின் நோக்கில் இந்நிகழ்ச்சியின் முதன்மை, அது மறைக்கப்பட்ட முறையில் உள்ளது. ஜப்பானியர் கட்டுப்பாட்டிலிருந்த சைகோன் வானொலி மறுநாளே விரிவாக அறிவித்த செய்தியை, பம்பாயிலிருந்து அனுப்பப் பத்திரிகையாளருக்கு அனுமதி கிடைத்தது மே மாதத்தில்தான். புறநானூற்று மலையனின் பெயரை வென்றவனும் சொன்னான், தோற்றவனும் சொன்னான். பம்பாயின் இழப்பைப் பகைவன் சொன்னான். நட்பு அணி சொல்லவில்லை. துணைவலியின் இரண்டாவது கூறாகிய பெயர் கூறப்படுதல் இங்கு மறுக்கப்பட்டது. தன் நகரில் நேர்ந்த பேரழிவைத் தன் மொழியில் உரிய காலத்தில் சொல்ல முடியாத சமூகத்திடம் அதைப் பற்றிய இலக்கியம் வளராமைக்கு இத்தணிக்கையும் ஒரு காரணமாதல் கூடும்.

மும்பை மஸ்ஜித் பகுதியிலுள்ள மாலுமிகள் இல்லத்தில் முதல் உலகப்போரில் கடலில் மாண்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இந்திய மாலுமிகளுக்கு நினைவிடம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் மாண்ட கடற்படையினர், வணிகக் கப்பல் பணியாளர் ஆகிய ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் அடங்கிய நினைவேடுகள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டன. பழந்தமிழ் நடுகல்லில் வீரனின் பெயரோடு அவன் செய்த செயலும் சேர்த்துப் பொறிக்கப்படும். இவ்வேடுகளில் பெயர் உண்டு, செயல் இல்லை. அச்செயலை எழுதுவதே இலக்கியத்தின் கடன்.

புனைகதைகள் எழுதியவை

இரண்டாம் உலகப்போரைத் தமிழில் மிக ஆழமாக எழுதியவர் ப. சிங்காரம் (1920–1997). இளமையில் இந்தோனேசியாவின் மெடானில் வட்டிக்கடைப் பணியாளராக இருந்து போர்க்காலத்தை அங்கேயே கழித்த அவரது ‘கடலுக்கு அப்பால்’ (1959), ‘புயலிலே ஒரு தோணி’ (1972) ஆகிய இரு புதினங்களும் தென்கிழக்காசியாவில் வாழ்ந்த தமிழரின் போரை எழுதுகின்றன. இரண்டிலும் நாயகர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியோர். செல்லையாவும் பாண்டியனும் தாங்களே தேர்ந்த பாதையில் செல்கின்றனர். ஆகவே அவர்கள் கதை துன்பியலாகும் தகுதி பெறுகிறது. சிங்காரத்தின் சிறப்பு, இத்தேர்வை அவர் வழிபாட்டுக்குரியதாக்காமையே. ஜப்பானியரின் கொடுமையும் தமிழரின் சிறுமைகளும் எள்ளலோடு காட்டப்படுகின்றன. பாண்டியனின் இறப்பு எந்த அணியின் வெற்றியாகவும் முடிவதில்லை.

இரண்டாவது வகை, துன்புற்றோர் எழுத்து. வெ. சாமிநாத சர்மாவின் பர்மா வழிநடைப் பயண நூல், 1942இல் இரங்கூனை விட்டு நடந்து வந்தோரின் அனுபவப் பதிவு. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ (2005) ஆகிய மலேசியத் தமிழ்ப் புதினங்கள் தோட்டத் தொழிலாளர் ஜப்பானியரால் இரயில்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட கதையைக் கூறுவன. பாரதியாரின் பிஜிப் பாடல் மரபின் தொடர்ச்சியாக இவற்றைக் கொள்ளலாம். தேர்ந்தவனின் கதை பெல்ஜியப் பாடலின் வழியிலும், வருந்தியவனின் கதை பிஜிப் பாடலின் வழியிலும் வளர்ந்தன. இடையிலுள்ளவனுக்கே வழி அமையவில்லை.

கல்கியின் ‘அலை ஓசை’ 1934 பீகார் நிலநடுக்கம் முதல் விடுதலையை அடுத்த காலம் வரை விரிவது. நாயகி சீதாவின் குடும்பம் பம்பாயோடு தொடர்புடையது. ஆயினும் அதன் பேரலைகள் தேசிய இயக்கமும் பிரிவினையும் ஆகும். விடுதலை வரலாற்றின் ஒரு கட்டமாகவே போர் அதில் வைத்து நோக்கப்படுகிறது. தேசிய நோக்கில் எழுதப்பட்ட புதினத்தில் பிரிட்டிஷ் படைக்கு உழைத்தவன் தலைமை மாந்தனாக முடியாமை எதிர்பார்க்கத்தக்கதே.

அவ்வாறு உழைத்தவர் வீரமற்றவர் என்றோ விருப்பமற்றவர் என்றோ கருதுதல் பிழையாகும். 1942 நவம்பர் 11 அன்று இந்தியக் கடற்படையின் ‘பெங்கால்’ என்னும் சிறு கப்பல், டச்சு எண்ணெய்க் கப்பலான ‘ஒண்டினா’வுடன் வந்துகொண்டிருந்தபோது, தன்னினும் பன்மடங்கு பெரிய இரு ஜப்பானியத் தாக்குதல் கப்பல்களை எதிர்கொண்டது. அச்சண்டையில் ஜப்பானியக் கப்பல் ஒன்று மூழ்கியது. பாரதியார் பெல்ஜியத்துக்குச் சூட்டிய குறமகள் உவமை இக்கப்பலுக்கும் பொருந்தும். அதே கடற்படையின் மாலுமிகளே 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயின் ‘தல்வார்’ நிலையத்தில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். எழுபதுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கும் ஏறத்தாழ 20,000 மாலுமிகளுக்கும் அது பரவியது. ஆதரவாக வீதிக்கு வந்த பம்பாய்த் தொழிலாளருள் இருநூறு பேருக்கு மேல் சுடப்பட்டு மாண்டனர். போரில் துணைநின்றவனும் போர்முடிந்து எதிர்த்து நின்றவனும் ஒருவனே. உணவும் மதிப்பும் கேட்டுத் தொடங்கிய அவ்வெழுச்சி, தன் துணையைத் தானே தீர்மானிக்கும் உரிமையைக் கேட்டது. மலையமானின் உரிமை அது. வங்க மொழியில் உத்பல் தத்தின் ‘கல்லோல்’ (1965) நாடகம் இவ்வெழுச்சியைப் பொருளாகக் கொண்டது. தமிழில் அதற்கு இணையான புகழ்பெற்ற படைப்பு எழவில்லை.

ஒரு மறுப்பும் அதன் மதிப்பும்

மறுக்கும் உரிமை இல்லாத பங்களிப்பைத் திறை என்றே தீர்த்துவிடலாம் அன்றோ என்று வினவலாம். தேசம் என்னும் அலகை மட்டும் கொண்டால் அவ்வாறே தோன்றும். ஆனால் தேசத்திற்குள் பலர் பல காரணங்களால் இப்போரைத் தேர்ந்தனர். 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர்துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர், நாஜிகளின் வெற்றி மனித விடுதலைக்கே கேடு என்ற கருத்தினர். மகர் படைப்பிரிவு 1941இல் மீண்டும் அமைக்கப்பட்டது. நீதிக்கட்சி போர் முயற்சியை ஆதரித்தது. பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுவுடைமைக் கட்சி, சோவியத் நாடு தாக்கப்பட்டபின் இதனை மக்கள் போர் என அறிவித்தது. தாராவியின் ஆதிதிராவிடத் தொழிலாளிக்கும் மாட்டுங்காவின் எழுத்தருக்கும் போர் ஒரே பொருளைத் தந்திருக்க இயலாது. சீருடை ஒருவனுக்கு அடிமைத்தனத்தின் சின்னம்; மற்றொருவனுக்கு ஊர்த்தெருவில் நிமிர்ந்து நடக்கக் கிடைத்த முதல் ஆடை.

எனவே திறை என்று ஒதுக்குதல் போதாது. அதற்கு எதிராக, முதல் உலகப்போரின் நூற்றாண்டு நினைவு விழாக்களில் அடிக்கடி கேட்கப்பட்ட ‘பங்களிப்பு’ என்னும் சொல்லும் ஐயத்துக்குரியதே. கேளாமல் பெற்றதைக் கேட்டுப் பெற்றதுபோல அச்சொல் ஒலிக்கிறது. திறையைத் துணைவலியாக மாற்றி எழுதுகிறது. செஞ்சோற்றுக்கடன் என்று பெருமை கொள்ளுதலும் பஞ்ச ஆண்டின் முன் நிற்காது. மூன்று அளவுகோல்களும் தனித்தனியே குறைவுபடுகின்றன. மூன்றும் ஒரே மனிதனுக்குள் மோதும் நிலையை எழுதும்போதே இவ்வனுபவம் இலக்கியமாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. சிறியவன் பெரியவனுக்குத் துணையாதலை மதிக்கத் தமிழ் மரபு தெளிவான அளவுகோலை வகுத்துள்ளது. பாரதியார் அதனைப் பெல்ஜியத்துக்குப் பொருத்தினார். உலகப்போர்களில் இந்தியாவின் பங்கு அவ்வளவுகோலுக்கு முழுதும் உட்படாமையால் தமிழ்ப் போர் எழுத்து தேர்ந்தவனையும் வருந்தியவனையும் பாடி, உழைத்தவனைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. பம்பாயின் கப்பல்துறையும் தாராவியின் தோல் தொட்டியும் மாட்டுங்காவின் பேரேடும் அவ்வுழைப்பின் களங்கள்.

அக்காலத்தை நேரில் அறிந்தவருள் பெரும்பாலோர் இன்று இல்லை. மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் எஞ்சியிருக்கக்கூடிய பணிப்பதிவேடுகள், கடிதங்கள், பங்கீட்டு அட்டைகள், பெற்றோரிடமிருந்து கேட்ட செய்திகள் ஆகியவற்றைத் திரட்டுதல் தமிழ்த்துறைகள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளத்தக்க பணி. வென்றவனும் தோற்றவனும் மலையன் பெயரைச் சொல்லினர் என்பதைப் பெருஞ்சாத்தனார் சொன்னதனாலேயே இன்று அப்பெயர் அறியப்படுகிறது. 1944இல் தீயில் மாண்ட பம்பாயின் உழைப்பாளிக்கு அத்தகைய புலவர் இன்னும் வாய்க்கவில்லை.